மரம் எப்படி இடம் மாறும்? லால்பாக் நடையில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிறு காலை தமிழ் பேசும் பத்துப் பதினைந்து பேர் பெங்களூருவின் லால்பாக் தாவரவியல் பூங்காவில் கூடி மரம் பார்க்க நடக்கிறோம். அல்சூரிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் இருப்பார்கள், போன வருடம்தான் வேலை கிடைத்து மாரத்தஹள்ளியில் வீடு எடுத்தவர்களும் இருப்பார்கள். நடை முடிந்து தட்டு இட்லி சாப்பிட உட்காரும்போது யாராவது ஒருவர், காலநிலை மாறுவதால் மரமெல்லாம் இடம் மாறுகிறதாமே என்று ஆரம்பித்துவிடுவார், இட்லி ஆறிப்போகும். அதனால் அடிக்கடி வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் எழுதி வைத்துவிட்டேன்.

வேர் விட்ட மரம் எப்படிக்கா நகரும்?

மரம் நகராது, அதன் பிள்ளைகள்தான் நகரும். ஒரு மர இனம் பரவியிருக்கும் நிலப்பரப்பை வரைபடத்தில் வட்டம் போட்டுக் காட்டினால், அந்த வட்டத்தின் ஒரு ஓரத்தில் விதை விழுந்து, முளைத்து, கோடையைத் தாண்டி ஆள் உயரம் வருகிறது. இன்னொரு ஓரத்தில் விதை விழுகிறது, முளைக்கிறது, ஏப்ரலில் கருகிவிடுகிறது. இது நாற்பது ஐம்பது வருடம் தொடர்ந்து நடந்தால் வட்டமே தள்ளிப்போய்விடும். இதில் எந்த மரமும் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை.

சில கிராமங்களுக்குப் போனால் திண்ணையில் பெரியவர்கள் எல்லாரும் இருப்பார்கள், பிள்ளை இல்லாமல் பள்ளிக்கூடத்தை மட்டும் மூடியிருப்பார்கள். பார்க்க ஊர் ஊராகத்தான் தெரியும். காடும் அப்படித்தான். தலைக்கு மேலே பச்சைப் பசேல் என்று இருக்கும், காலடியில் ஒரு கன்றுகூட இருக்காது. அதனால்தான் என்னோடு நடக்க வருகிறவர்களை மேலே பார்த்தது போதும், கீழே பாருங்கள் என்று நச்சரிக்கிறேன்.

ஒரு மரம் எங்கே வளர்கிறதோ அதுதானே அதன் இடம்?

இல்லை. பெங்களூருவைவிட நல்ல உதாரணம் இதற்குக் கிடைக்காது. ஜகரண்டாவும் டபூபியாவும் தென் அமெரிக்க, மத்திய அமெரிக்கப் பக்கத்து மரங்கள், குல்மொஹர் மடகாஸ்கரிலிருந்து வந்தது, சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து. 1908இல் லால்பாக்கைக் கவனிக்க வந்த ஜெர்மானியத் தோட்டக்கலைஞர் க்ரும்பீகல், ஒரு தெருவில் பூ முடியும்போது அடுத்த தெருவில் தொடங்க வேண்டும் என்று திட்டம் போட்டு மரம் வைத்தார். 1980களில் வனத்துறை அதிகாரி நெகின்ஹால் லட்சக்கணக்கில் நட்டார். யாரோ குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, வேலி கட்டியதால் நிற்கும் மரங்கள் இவை. பல வருடமாகத் தேடுகிறேன், எங்கள் தெரு ஜகரண்டாக்களின் அடியில் தானாக முளைத்து இடுப்பளவு வந்த கன்று ஒன்றுகூடக் கண்ணில் பட்டதில்லை. பட்டையான காய் வெடித்து, உள்ளே இருக்கும் காகிதம் போன்ற விதை பறந்து எங்கே விழும்? தாரில், சிமென்டில், காருக்கு மேலே.

யார் கையும் படாமல் பிள்ளை பெற்று வளர்க்க முடிகிற இடம்தான் ஒரு மரத்தின் இயற்கைப் பரவல். மலைக்குக் குறிஞ்சி, வயலுக்கு மருதம் என்று நிலத்துக்கே செடியின் பெயரை வைத்தவர்கள் நாம், நமக்கு இது புதிதாக இருக்கக் கூடாது. காலநிலை மாறும்போது மருத நிலத்துச் செடி எது, பாலைச் செடி எது என்ற கணக்கே குழம்புகிறது, அவ்வளவுதான் சங்கதி.

டபூபியா முன்னாடியே பூக்குதே, அதுவும் இதுதானா?

அது வேறு. பூக்கும் நேரம் மாறுவது ஒரு மரத்தின் வாழ்நாளுக்குள், ஏன், ஒரே வருடத்திலேயே நடக்கும். மழை தள்ளிப்போனால், பனி குறைந்தால் நடக்கும். இடம் மாறுவதற்குத் தலைமுறைகள் வேண்டும். ஆனால் இரண்டுக்கும் தொடர்பு இருக்கிறது: பூ சீக்கிரம் வந்து அதற்கான பூச்சி வரவில்லை என்றால் காய் இல்லை, காய் இல்லை என்றால் கன்று இல்லை.

சூடு கூடினால் மரங்கள் எந்தப் பக்கம் போகும்?

பொதுவாக இரண்டு வழி சொல்வார்கள், ஒன்று துருவத்தை நோக்கி, மற்றது மலை மேலே. நமக்கு இரண்டாவதுதான் முக்கியம். ஏன் என்று சென்னைக்கு ரயில் ஏறினாலே புரியும்.

பெங்களூருவும் சென்னையும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில், 13 டிகிரியில் இருக்கின்றன. சூரியன் இரண்டு ஊருக்கும் ஒன்றுதான். ஆனால் நாம் 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறோம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும், அதனால்தான் இங்கே டிசம்பரில் ஸ்வெட்டர். பங்காரப்பேட்டை, குப்பம் தாண்டி வண்டி ஜோலார்பேட்டைப் பக்கம் இறங்கும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து பாருங்கள், பனைகள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கும், காற்றே வேறு மாதிரி அடிக்கும். இப்போது கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ஒரு டிகிரி சூட்டிலிருந்து தப்பிக்க மலையில் சுமார் 150 மீட்டர் ஏறினால் போதும். சமவெளியில், அதுவும் நம்மைப் போல் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள், அதே ஒரு டிகிரிக்கு வடக்கே பல நூறு கிலோமீட்டர் போனாலும் குளிர்ச்சி கிடைக்காமல் போகலாம். மே மாதம் நாக்பூர் போய்வந்தவர்களைக் கேளுங்கள்.

மலை ஏறுவது அளந்து பார்த்த விஷயமும்கூட. மேற்கு ஐரோப்பிய மலைகளில் 171 காட்டுத் தாவர இனங்களை எடுத்துப் பார்த்து 2008இல் வெளியான ஆய்வில், அவை பத்து வருடத்துக்குச் சராசரியாக 29 மீட்டர் மேலே ஏறியிருந்தன. பெருவின் ஆண்டிஸ் மலையில் மரங்கள் வருடத்துக்கு இரண்டரை முதல் மூன்றரை மீட்டர் வரை ஏறுவதாக 2011இல் கண்டார்கள். அதுவும் சூடு ஏறிய வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை.

எல்லா மரமும் குளிரைத் தேடித்தான் போகுமா?

இங்கேதான் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். செய்தியில் எப்போதும் டிகிரிக் கணக்குதான் வருகிறது, ஆனால் மரத்துக்குத் தண்ணீர்தான் முதல் கவலை. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் 86 மர வகைகளின் முப்பதாண்டுக் கணக்கைப் பார்த்த 2017 ஆய்வு ஒன்று இருக்கிறது. எல்லாரும் வடக்கே போயிருக்கும் என்று எதிர்பார்த்தார்கள். வடக்கே போனவை 62 சதவீதம். மேற்கே போனவை 73 சதவீதம்! (வடமேற்கே போனவை இரண்டு கணக்கிலும் வரும்.) மழை கூடிய பக்கமாக நகர்ந்திருக்கின்றன என்பதுதான் முக்கிய விளக்கம். கன்றுகள்தான் முதலில் போயிருக்கின்றன.

இதை நம் ஊர்ப் பக்கம் கண்ணால் பார்க்க வேண்டும் என்றால் ஊட்டிக்குப் போகும்போது தூங்காதீர்கள். குண்டலுப்பேட்டை, பந்திப்பூர் தாண்டித் தெப்பக்காட்டில் சாலை பிரியும். நேரே போனால் கூடலூர், இடப்பக்கம் மசினகுடி. கூடலூர்ப் பக்கம் போகப் போக மரம் உயரும், வெண்தேக்கும் கருமருதும் நெருக்கி நிற்கும். மசினகுடிப் பக்கம் ஏழெட்டு கிலோமீட்டரிலேயே மரம் குட்டையாகி, இலை சிறுத்து, முள் வந்துவிடும். இரண்டு பக்கமும் வெப்பத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. மேற்கே பெய்யும் மழையில் பாதிகூடக் கிழக்கே இல்லை, அதுதான் காரணம். பருவமழை நாட்கள் குறைந்து, பெய்தால் கொட்டித் தீர்த்துவிட்டு நீண்ட வறட்சி விட்டுப் போகிற மாதிரி ஆனால், இந்த முள்காட்டின் கோடு மேற்கே நகரலாம்.

இந்தத் தெப்பக்காடு இருக்கும் முதுமலையில்தான் நம் பெங்களூரு ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்) ஆட்கள் 1988இல் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, தண்டின் குறுக்களவு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு வைத்தார்கள், சுமார் 25 ஆயிரம் தண்டுகள். எது செத்தது, எது புதிதாக வந்தது, தீ எதைத் தின்றது, யானை எதை ஒடித்தது என்று அன்றிலிருந்து எண்ணுகிறார்கள். எனக்கு இந்த வேலையின் மேல் பெரிய மரியாதை உண்டு. கன்றுகளை எண்ணாமல் காடு எங்கே போகிறது என்று சொல்லவே முடியாது.

பனியுகம் முடிந்தபோதும் மரங்கள் நகர்ந்தனவே, இப்போது மட்டும் என்ன?

நல்ல கேள்வி, மென்பொருள்காரர்கள்தான் இதை அதிகம் கேட்கிறார்கள். கடைசிப் பனியுகத்தின் உச்சம் சுமார் 20 ஆயிரம் வருடத்துக்கு முன். அங்கிருந்து உலகம் ஐந்தாறு டிகிரி சூடாக ஏறக்குறைய பத்தாயிரம் வருடம் எடுத்துக்கொண்டது. இப்போது ஒன்றரை நூற்றாண்டில், அதிலும் பெரும்பகுதி கடைசி ஐம்பது வருடத்தில், ஒரு டிகிரிக்கு மேல் ஏற்றிவிட்டோம். வேகம்தான் வித்தியாசம்.

மரத்தின் வேகத்துக்கு ஒரு பழைய புதிர் உண்டு. பிரிட்டனில் க்ளெமென்ட் ரீட் என்பவர் 1899இல் ஓக் மரத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தார். அதன் கொட்டை கனமானது, விழுந்தால் தாய்மரத்தடியிலேயே கிடக்கும். அந்த வேகத்தில் பனி விலகிய தெற்கிலிருந்து பிரிட்டனின் வடகோடிக்கு அது போய்ச்சேரப் பத்து லட்சம் வருடம் ஆகும் என்று வந்தது. ஆனால் ஓக் அங்கே ஏற்கெனவே நிற்கிறது! பறவைகள் தூக்கிப்போயிருக்க வேண்டும். ஜே என்ற காக்கை இனப் பறவை ஒரு இலையுதிர் காலத்தில் ஆயிரக்கணக்கான கொட்டைகளை மண்ணில் புதைத்து வைக்கும், சாப்பிட மறந்தவை முளைக்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் பெரிய விதைகளைச் சுமக்கும் வேலையை இருவாச்சி செய்கிறது. இருவாச்சி போய்விட்டால் அந்த மரங்களுக்கு வண்டி கிடையாது.

இன்னொரு சிக்கல், எல்லா விதையும் காத்திருக்காது. வேலமர விதை வருடக்கணக்கில் கிடக்கும். சால மரத்து விதை பருவமழை தொடங்கும் நேரம் பார்த்து விழுகிறது, அதன் உயிர் ஏறக்குறைய ஒரு வாரம்தான். மழை பத்து நாள் தள்ளி வந்தால் அந்த வருடத்துப் பிள்ளைகள் மொத்தமும் போச்சு.

2012இல் இன்னொரு அமெரிக்க ஆய்வு 92 இனங்களைப் பார்த்தது. முன்பு சொன்ன 2017 ஆய்வு மரங்கள் செறிந்த நடுப்பகுதி எந்தப் பக்கம் போனது என்று பார்த்தது, இது பரவலின் ஓரங்களைப் பார்த்தது. பாதிக்கும் மேற்பட்டவை எங்கேயும் நகரவில்லை, இரண்டு ஓரத்திலும் சுருங்குவதற்கான அடையாளம்தான் தெரிந்தது. வடக்கே நகர்வது போலத் தெரிந்தவை ஐந்தில் ஒன்றுதான். மரங்கள் இடம்பெயர்கின்றன என்ற தலைப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வரும்.

வயதான மரங்கள் அப்படியே நிற்குமா, சாகுமா?

பல காலம் நிற்கும், அதனால்தான் நாம் ஏமாறுகிறோம். ஆனால் சில சமயம் ஒரேயடியாகச் சாகும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் கடுங்குளிர்தான் பைன் வண்டுகளைக் கொன்று கட்டுக்குள் வைத்திருந்தது. குளிர்காலம் இளகியதும் வண்டு பிழைத்துப் பெருகி, 1990களில் தொடங்கி சுமார் 1.8 கோடி ஹெக்டேர் காட்டைப் பாதித்தது. மரத்தை நேரே சூடு கொல்லவில்லை, சூடு பிழைக்க வைத்த வண்டு கொன்றது.

மலை உச்சிக்குப் போன பிறகு எங்கே போகும்?

எங்கேயும் போகாது. நீலகிரியில் சோலைக்காடு ஏறக்குறைய 1,800 மீட்டருக்கு மேல், மலை மடிப்புகளில் இருக்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர். அவ்வளவுதான் மாடிப்படி. ஏற ஏற இடமும் குறுகும், கூம்பை யோசித்துப் பாருங்கள். இடையில் தேயிலை, தைலமரம், நீலகிரிக்காரர்கள் சீகை என்று சொல்லும் ஆஸ்திரேலிய வாட்டில் மரம்.

அங்கே புல்வெளியும் சோலையும் கோடு கிழித்த மாதிரிப் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சோலைக்குள் இருந்து இரண்டடி வெளியே வந்தால் புல், நடுவில் கன்று எதுவும் கிடையாது. குளிர்கால இரவுகளில் திறந்த புல்வெளியில் உறைபனி விழுந்து சோலைக் கன்றுகளைக் கருக்கிவிடுவது இதற்கு முக்கியமான காரணம் என்று பெங்களூரு என்சிபிஎஸ் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) ஆராய்ச்சியாளர்கள் 2020இல் காட்டினார்கள். உறைபனி குறைந்தால்? சோலைக்கு நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் வாசலில் முதலில் நிற்பது வாட்டில், அது நம் சோலை மரம் போல் நிதானமாக வராது. புல்வெளி போனால் வரையாட்டுக்கு மேய்ச்சல் போச்சு.

அந்தப் புல்வெளிகளுக்குப் பக்கத்துச் சதுப்புகளில் மட்கிய கரிமண் அடுக்கடுக்காக இருக்கிறது. ஐஐஎஸ்சியின் சுகுமாரும் மற்றவர்களும் அதில் உள்ள கரிம ஐசோடோப்புகளை, அதாவது புல்லுக்கும் மரத்துக்கும் விகிதம் வேறுபடும் கரிம அணு வகைகளைப் பார்த்து, வறண்ட பனியுகத்தில் புல் விரிந்ததையும் ஈரமான காலத்தில் காடு விரிந்ததையும் 1993இல் எழுதினார்கள். ஆக இந்தக் கோடு முன்பும் ஆடியிருக்கிறது. அப்போது நடுவில் எஸ்டேட் இல்லை.

சீமைக் கருவேலம் பரவுவதும் காலநிலையாலா?

பெரும்பாலும் நாமும் நம் ஆடுகளும் செய்த வேலை. அமெரிக்கக் கண்டத்து மரம், 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்தார்கள், நெற்றைத் தின்ற கால்நடை போகும் இடமெல்லாம் விதை போகிறது. வறட்சி கூடினால் அதற்கு இன்னும் வசதி, அது வேறு விஷயம்.

கடலோர மரங்கள்?

அலையாத்திக் காடு உள்நாட்டுப் பக்கம் பின்வாங்கப் பார்க்கும், பின்னால் கரையோ ரோடோ இறால் பண்ணையோ இருந்தால் நடுவில் மாட்டிக்கொள்ளும். சுந்தரவனத்துக்குப் பெயர் தந்த சுந்தரி மரம் உப்பு கூடக்கூட நலிகிறது. அதே சமயம் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கடுங்குளிர் இரவுகள் குறைந்ததால் அலையாத்தி வடக்கே பரவியிருக்கிறது.

அதுவாகப் போக முடியாவிட்டால் நாமே தூக்கிப்போய் நட்டால் என்ன?

செய்கிறார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மேற்கத்திய லார்ச் மரத்தை அதன் இயற்கை எல்லைக்கு வடக்கே நடலாம் என்று 2010இல் விதியையே மாற்றினார்கள். ஃபுளோரிடாவில் ஒரே ஒரு ஆற்றோரத்தில் அழிந்துகொண்டிருந்த டொரேயா மரத்தின் கன்றுகளை 2008இல் தன்னார்வலர்கள் வடக்கே நார்த் கரோலினாவுக்குக் கொண்டுபோய் நட்டார்கள், அதற்கு விஞ்ஞானிகளிடையே பெரிய சண்டை. என் கருத்தைக் கேட்டால், ஒரே இனத்துக்குள் சூடான, வறண்ட இடத்து விதையைக் கொண்டுவந்து குளிர்ந்த இடத்தில் கலந்து நடுவது நியாயமான முயற்சி. புது இனத்தையே புது மலைக்குக் கொண்டுபோவதென்றால் வாட்டிலையும் உண்ணிச்செடியையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளுங்கள், அவற்றையும் நல்லதாக இருக்கும் என்று நினைத்துத்தான் கொண்டுவந்தார்கள்.

எங்கள் அபார்ட்மென்டில் என்ன நடலாம்?

இந்த ஊரில் 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி போனது. இன்று நடும் மரம் 2070இலும் நிற்க வேண்டும் என்று யோசித்தால், இங்கிருந்து கொஞ்சம் இறங்கி கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் தானாக வளர்வது எது என்று பாருங்கள். புங்கை, வேம்பு, நாவல், இலுப்பை. இடம் குறைவு என்றால் மகிழம். பூ தெரிய வேண்டும் என்று அசோசியேஷன் கூட்டத்தில் சண்டை வந்தால் சரக்கொன்றை சொல்லிச் சமாளியுங்கள், நான் அப்படித்தான் தப்பித்தேன்.

விஞ்ஞானி இல்லாத ஆள் என்ன கவனிக்க முடியும்?

தெருவில் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு வாராவாரம் இலை, பூ, காய் குறித்து அனுப்ப சீசன்வாட்ச் என்ற திட்டம் இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகள்கூடச் செய்கிறார்கள். அதோடு கன்றையும் எண்ணுங்கள் என்பேன். எங்கள் வீட்டுப் பக்கத்துச் சின்னப் பூங்காவில் இரண்டு புங்கை இருக்கிறது. புங்கை ஆற்றோரத்து மரம், காய் மிதந்து போய் முளைக்கும், இங்கே மிதக்க ஏது தண்ணீர், அடியிலேயே விழுந்து கிடக்கும். போன ஜூலையில் நாலு மழைக்குப் பிறகு எங்கள் குழுவில் வரும் அம்மா ஒருவர் குத்த வைத்து உட்கார்ந்து விரல்நீளக் கன்றுகளை எண்ணினார், பளபளவென்று செம்பு நிறத் துளிர், நாற்பத்தொன்று இருந்தது. குறித்துக்கொண்டோம். அடுத்த ஞாயிறு புல்வெட்டும் மெஷின் வந்து போயிருந்தது. பெஞ்சுக்கும் வேலிக்கும் நடுவில், மெஷின் நுழைய முடியாத சந்தில் மூன்று மிச்சம். அதில் ஒன்று இப்போது என் முழங்கால் உயரம், வேலிக்கம்பியோடு சேர்த்து ஒரு சிவப்பு நூல் கட்டி வைத்திருக்கிறோம். தோட்டக்காரரிடமும் சொல்லியாகிவிட்டது.